பதுளை மலைகளில் எச்.ஐ.வி பற்றிக் கேட்டபோது

மட்டக்களப்பில் இருக்கும் எங்களுக்குப் 'பதுளை வீதி' என்பது ஒரு வீதியின் பெயர் மட்டுமல்ல. செங்கலடிச் சந்தியில் திரும்பி கரடியனாறு, புல்லுமலை என்று உள்ளே போகும் அத்தனை கிராமங்களுக்கும் சேர்த்து நாம் சொல்லும் பெயர் அது. யுத்த காலத்தில் அந்த வீதி எங்கே போய் முடிகிறது என்று யாரும் யோசித்ததில்லை. எங்களைப் பொறுத்தவரை சோதனைச் சாவடி எங்கே இருந்ததோ அங்கேயே வீதியும் முடிந்துவிட்டது.

உண்மையில் அது மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளைக்குத்தான் போகிறது. சென்ற ஆண்டு அவ்வழியே பஸ்ஸில் போகும் வாய்ப்புக் கிடைத்தது. தோட்டப் பெண்களின் சுகாதாரம் பற்றிச் சில கலந்துரையாடல்களை நடத்திய தோழி ஒருவர், உதவிக்கு வரும்படி என்னை அழைத்திருந்தார். அதில் ஒரு விடயம் எச்.ஐ.வி. மலைநாட்டைப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொள்ளச் சம்மதித்தேன்.

பிபிலை வரை வெயில். லுணுகலையைத் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. வளைவுக்கு வளைவு தேயிலை. பசறைக்கு அப்பால் நமுனுகுலை மலை முகிலுக்குள் மறைவதும் தெரிவதுமாக இருந்தது. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை இம்மலைகளில் வீசும் வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதாகச் சொல்வார்கள். அந்த மணத்துக்கு உலகச் சந்தையில் நல்ல விலை உண்டு. கொழுந்து பறிக்கும் கைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை.

பதுளை நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயில் பாதை 1924 இல் இங்கே வந்து முடிந்தது. முதியங்கனை விகாரை, கோயில்கள், பள்ளிவாசல், தமிழ், முஸ்லிம் கடைகள் எல்லாம் நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ளன. சம்பளம் கிடைத்த வார இறுதியில் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பெண்கள் இங்கு இறங்கி வருகிறார்கள். அரிசி, மா, பிள்ளைக்குக் கொப்பி, நகை அடகு என்று வேலைகளை முடித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு முன் திரும்பிவிடுகிறார்கள்.

மலையும் லயமும்

நாங்கள் போன தோட்டம் பசறைப் பக்கம் உள்ளது. பெயர் வேண்டாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயங்களுக்கு முச்சக்கரவண்டியில் முக்கால் மணி நேரம். மழையென்றால் அதுவும் போகாதாம், நடக்க வேண்டியதுதான்.

காலையில் பெரட்டு. பிறகு மலை. பகலில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மடுவத்தில் கொழுந்து நிறுக்க வேண்டும். ஒரு நாள் முழுப்பேர் விழுவதற்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்றார்கள் இங்கே. வேலை முடிந்து வந்ததும் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள். எங்கள் கலந்துரையாடலுக்குப் பிள்ளைக் காம்பராவைத் தந்திருந்தார்கள். பெண்கள் மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் வந்தார்கள். அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆறரை ஆனதும் அடுப்பு நினைவு வந்து எழும்பத் தொடங்கினார்கள். ஒரு தோட்டப் பெண்ணுக்கு ஒரு நாளில் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள இருக்கும் நேரம் அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். அதுவும் யாராவது அவளைத் தேடிப் போனால் மட்டும்.

"கேள்விப்பட்டிருக்கிறோம்"

எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று தோழி கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் தலையாட்டினார்கள். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டதும்தான் கதைகள் வரத் தொடங்கின.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, "ரேடியோவுல சொன்னாங்க. அது டவுன்ல உள்ளவங்களுக்கு வர்ற வருத்தம். நமக்கு எங்க வரப்போகுது?" என்றார். அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டப் பாடசாலை என்பது ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமும்தான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் அங்கே கிடையாது. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை தோட்டப் பாடசாலைகள் நாட்டின் கல்வி முறைக்கு வெளியிலேயே கிடந்தன. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அந்த அம்மாவின் பதிலைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

குவைத்தில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் அங்கிருந்தார். அவருக்கு எச்.ஐ.வி என்ற சொல் நன்றாகத் தெரியும். "மெடிக்கல்ல பாப்பாங்க அக்கா. அது இருந்தா அனுப்ப மாட்டாங்க. போன பிறகு தெரிஞ்சாலும் திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். அது எப்படி வருகிறது என்று கேட்டோம். "அத யாரும் சொல்லல்ல. இரத்தம் எடுத்தாங்க, பாஸ் என்டாங்க, அவ்வளவுதான்." வளைகுடா நாடுகளுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இப்பரிசோதனை கட்டாயம். ஆனால் அது பெண்ணின் நலனுக்காக நடப்பதல்ல, அவளை வேலைக்கு எடுப்பவரின் திருப்திக்காக நடப்பது. அதனால் அவளுக்கு எச்.ஐ.வி என்பது ஒரு நோயாகத் தெரியவில்லை. பாஸ்போட்டில் விழும் முத்திரை போலத்தான் தெரிகிறது.

மடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தங்கச்சி, கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் இரத்தம் எடுத்ததைச் சொன்னாள். எதற்கு என்று கேட்டாயா? "சீனி பாக்க, இரத்தம் பத்துமா என்டு பாக்க. வேற என்னத்துக்கோ தெரியல்ல. மிஸ்ஸி சிங்களத்துல சொன்னாங்க. எனக்கு வெளங்கல்ல." அந்த இரத்தத்தில் எச்.ஐ.வியும் பார்க்கப்பட்டது என்பதை அன்று மாலைதான் அவள் அறிந்தாள்.

உயர்தரம் படிக்கும் ஒரு மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வைரஸ், குருதி, தாயிடமிருந்து சேய்க்கு என்று புத்தகத் தமிழில் ஒப்புவித்தாள். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் வந்ததாம். "அந்தப் பாடம் மட்டும் வீட்டுல வாசிச்சிக்கோங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாசித்ததைத் தன் தாயிடம் சொன்னதில்லை. தாயோ அவளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒரே லயத்தில் வாழும் நான்கு பெண்கள். எல்லோரும் ஒரே நோயைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் படிப்பு, தொழில், மொழி, வயது ஆகியவை ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துண்டை மட்டுமே கொடுத்திருந்தன. நான்கையும் சேர்த்து வைக்க அங்கு யாரும் இல்லை.

அறிவு எந்த வழியால் வருகிறது

இது அந்தத் தோட்டத்தின் கதை மட்டுமல்ல. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2006/2007 இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வில் திருமணமான பெண்களிடம் எய்ட்ஸ் பற்றிக் கேட்கப்பட்டது. நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்றிலும் தோட்டத்துப் பெண்களே மிகக் குறைவாக அறிந்திருந்தனர். படிப்பும் வீட்டு வசதியும் கூடக்கூட அறிந்தோர் தொகையும் கூடியது.

இதைப் பார்த்துவிட்டு 'தோட்டத்துச் சனத்துக்கு அறிவில்லை' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்தது அதுவல்ல. எந்த மலையில் எத்தனை ஏக்கர், எந்தக் கணக்கப்பிள்ளை எத்தனை கிலோவை வெட்டினார், அடகு வட்டி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லும் பெண்கள் அவர்கள். அறிவு ஒரு வழியால் வர வேண்டும். அந்த வழிகள்தான் அவர்களுக்கு அடைபட்டிருக்கின்றன. பாடசாலை ஒரு வழி. அது பத்தாம், பதினோராம் வகுப்போடு பலருக்கு நின்றுவிடுகிறது. பிறகு கொழும்பில் கடை வேலை, வீட்டு வேலை. கிளினிக் இன்னொரு வழி. அங்கே மொழி மறிக்கிறது. தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கும் தோட்டத்தில் பெண்கள் கேள்வி கேட்கிறார்கள். இல்லாத தோட்டத்தில் கையை நீட்டி இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இப்போது லயங்களிலும் உண்டு. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மாமியார், கணவன், பிள்ளைகள் எல்லோரும் இருக்க, இதைப் பற்றிய நிகழ்ச்சி வந்தால் உடனே அலைவரிசையை மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். தோட்டத்துறையில் நீண்ட காலமாகக் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்குச் செய்யும் 'ஒப்பரேசன்'தான். இரண்டு, மூன்று பிள்ளைக்குப் பின் அதைச் செய்துகொண்ட பெண்கள் தோட்டங்களில் மற்ற இடங்களைவிட அதிகம். கர்ப்பப் பயம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஆணுறை என்ற ஒன்று அந்த வீட்டு வாசலுக்கே வருவதில்லை. ஒரு பெண் கேட்டார்: "ஒப்பரேசன் செஞ்சவங்களுக்கு இந்த வருத்தம் வராதுதானே?" வரும். கருத்தடைச் சத்திரசிகிச்சை பிள்ளை உண்டாவதை மட்டுமே தடுக்கும், நோய்த் தொற்றைத் தடுக்காது. இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

தெரிந்தும் கேட்க முடியாதவள்

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் பாயைச் சுருட்டுவது போல நின்றார். கணவன் கொழும்பில் கட்டட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். "எனக்குத் தெரியும் அக்கா, நீங்க சொன்னது எல்லாம். அவர்கிட்ட எப்படிக் கேக்குறது? கேட்டா என் மேலதான் சந்தேகப்படுவாரு. நீ எங்க போயிட்டு வந்தேன்னு அடிப்பாரு."

அவருக்குப் பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அறிவு ஒரு பாதி மட்டுமே. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் கையில் கொஞ்சக் காசு, போக ஓர் இடம், பேச ஒரு துணை வேண்டும். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984 இல். அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. தன் உழைப்பின் காசையே தன் கையால் வாங்காதவள், 'ஆணுறை பாவியுங்கள்' என்று எப்படிச் சொல்வாள்?

தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. 1986 இல் சென்னையில் டொக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி தொற்றைக் கண்டறிந்தனர். அது பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்தத்தில் இருந்தது. 'அது அவர்களின் நோய்' என்று ஊர் நிம்மதியடைந்தது. பிற்பாடு சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத குடும்பப் பெண்கள். அவர்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. கணவர் மூலம் தொற்றுக்குள்ளான அவர், தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998 இல் ஓர் அமைப்பை உருவாக்கினார். 'ஒழுக்கமாக இருந்தால் வராது' என்று சொல்லிக்கொடுப்பது ஏன் போதாது என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டியது.

எங்கள் நாட்டில் குழந்தை வைத்திய நிபுணர் டொக்டர் கமலிகா அபேரத்னவை நினைக்க வேண்டும். 1995 இல் வீதி விபத்தொன்றில் சிக்கி, இரத்தம் ஏற்றப்பட்டபோது தொற்று ஏற்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. பகிரங்கமாகச் சொல்லி, தொற்றுள்ளவர்களுக்காக 2004 இல் இறக்கும் வரை உழைத்தார். படித்தவர், வைத்தியர், வசதியுள்ளவர். அவருக்கே அது பெரிய துணிவு. எங்கள் லயத்துப் பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி என்று வதந்தி பரவி, அவனைப் பாடசாலையில் சேர்க்க மற்றப் பெற்றோர் விடவில்லை. அவனுக்குத் தொற்றே இருக்கவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. நோயைவிட வதந்தி வேகமாகப் பரவும் என்பதற்கு இது போதும்.

கணக்கில் வராத நாங்கள்

தோட்டப் பெண்கள் மிகக் குறைவாக அறிந்திருந்தார்கள் என்று சொன்ன அந்த 2006/2007 ஆய்வு யுத்தம் காரணமாக வட மாகாணத்தில் நடத்தப்படவில்லை. முகாமிலும் பதுங்கு குழியிலும் இருந்த பெண்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. 2016 ஆம் ஆண்டு ஆய்வுதான் எல்லா மாவட்டங்களுக்கும் போனது. பதுளைப் பெண் கணக்கில் கடைசியில் நின்றாள். வன்னிப் பெண் கணக்கிலேயே இல்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் உறவு புதிதல்ல. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்கு வந்து, பிறகு இங்கே எங்களோடு சேர்ந்து மறுபடியும் இடம்பெயர்ந்தவர்கள் எத்தனை பேர்! அடைபட்ட வழிகளும் ஒரே மாதிரித்தான். இடையில் நின்றுபோன படிப்பு, தகரக் கொட்டிலில் தனிமை இல்லாத வாழ்க்கை, மொழி புரியாத உத்தியோகத்தர், கணவனை இழந்தபின் வெளிநாட்டு ஏஜென்சிக்காரரை நம்பிப் போகும் நிலை. தனித்து வாழும் பெண் பரிசோதனைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எங்களுக்குக் கூடுதலாகவே உண்டு.

தெரிந்திருக்க வேண்டியவை

இலங்கையில் எச்.ஐ.வி தொற்று குறைவு. வயது வந்தோரில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பயப்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் அண்மைய ஆண்டுகளில் புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை கூடி வருகிறது. ஆகவே அந்தப் பிள்ளைக் காம்பராவில் பேசியவற்றை இங்கும் சொல்கிறேன்.

எச்.ஐ.வி பாதுகாப்பற்ற உடலுறவாலும், தொற்றுள்ள இரத்தம், ஊசி மூலமும், தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ பிள்ளைக்கும் பரவலாம். நுளம்பு கடிப்பதால், ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால், ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதால், தொட்டுப் பேசுவதால் பரவாது.

ஆளைப் பார்த்துத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. தொற்றி மூன்று மாதம் வரை சில பரிசோதனைகளில் தெரியாமலும் போகலாம். பதுளை உட்பட மாவட்ட வைத்தியசாலைகளில் உள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விபரத்தை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது. வன்புணர்வு போன்றவை நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போனால் தடுப்பு மருந்து எடுக்கலாம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

எச்.ஐ.வியை முற்றாக மாற்றும் மருந்து சாதாரண சிகிச்சையில் இன்னும் இல்லை. ஆனால் தினமும் மருந்து எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். மருந்தால் இரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது மற்றவருக்குப் பரவுவதில்லை.

சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரையானோருக்குத் தொற்றலாம். உரிய மருந்தோடு அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவர முடியும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. கிளினிக்கில் எதற்கென்று தெரியாமல் கையை நீட்டிய அந்தத் தங்கச்சி போன்ற ஆயிரமாயிரம் தாய்மார் கொடுத்த இரத்தத்தால் கிடைத்த பெருமை அது. அப்படியானால் அது எதற்காக என்று தன் மொழியில் கேட்டு அறிய அவளுக்கு உரிமை இல்லையா?

அடுத்த முறை கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது, "இது எதற்கு மிஸ்? முடிவு என்ன?" என்று கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் விளங்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகள் பாடப் புத்தகத்தில் வாசித்ததை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள், மகனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு. வெளிநாடு போகும் தங்கச்சிக்கு, மெடிக்கலில் பார்ப்பது என்ன என்று சொல்லி அனுப்புங்கள். கணவனிடம் கேட்கப் பயப்படும் அந்தப் பெண்ணைப் போல ஒருவர் உங்கள் அயலிலும் இருப்பார். அவரைத் தனியே விடாதீர்கள். அவரோடு கிளினிக்குக்குப் போய்வர ஒரு துணை இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.